லாரிப் பட்டையும் மைசூர் உருக்கும்

மைசூரிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் நாகரஹொளெ, பந்திப்பூர், பிளிகிரிரங்கன் மலை எதையும் தொட்டுவிடலாம். ஆனால் காட்டில் பயன்படட்டும் என்று, கையால் அடித்த கத்தி ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி வைத்திருக்கும் மைசூர்க்காரர் அந்தக் கத்தியோடு இந்தக் காடுகளுக்குள் கால் வைக்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சரணாலயத்துக்குள் ஆயுதம் எடுத்துப் போக, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வேண்டும் என்கிறது அதன் 31-ஆம் பிரிவு. ஆயுதம் என்று அந்தச் சட்டம் அடுக்கும் பட்டியலில் துப்பாக்கி, வில், அம்போடு கத்தியும் உண்டு. தேசியப் பூங்காக்களுக்கும் இதே விதிதான்.

இன்னொரு சட்டம் ஆயுதச் சட்டம். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்தி அதன் விதிகளின்படி ஆயுத வகையில் சேரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை விலக்கு. ரசிகர்கள் வாங்கும் காட்டுக் கத்தி பெரும்பாலும் நாலைந்து அங்குல அலகுதான் என்பதால் இந்த அளவுகோலை அது எட்டுவதே இல்லை.

காட்டுக்குள் போக முடியாத காட்டுக் கத்திக்கு வேறு என்னதான் வேலை? காபித் தோட்டத்தில் கிளை கழிக்கலாம், பண்ணை வீட்டு அடுப்புக்குச் சுள்ளி பிளக்கலாம், கயிறு அறுக்கலாம். மீதி நேரமெல்லாம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். இந்தக் கடைசி வேலையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மடக்குக் கத்தியில் கீல் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, ஸ்பிரிங் இருக்கிறது. குறையை ஒளித்துவைக்க இடம் இருக்கிறது. மடங்காத கத்தி ஒரே இரும்புத் துண்டு. முனையிலிருந்து பிடியின் அடிவரை ஓடும் அந்த ஒரே துண்டில் செய்தவரின் கை தெரிந்துவிடும். அலகின் இரு பக்கச் சரிவும் ஒரே கோட்டில் சேர்கின்றனவா, பிடியின் மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகம் தடுக்குகிறதா, விரல் மேல் வைத்தால் எந்த இடத்தில் சமன் நிற்கிறது என்றெல்லாம் ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியோடு எனக்குச் சண்டை உண்டு. "என்ன ஸ்டீல்?" என்பதுதான் அந்தக் கேள்வி. மைசூர்ப் பக்கம் இதற்கு ஒரு கூடுதல் பெருமையும் சேர்ந்துகொள்கிறது. உலகமே தேடி வந்த உருக்கு பிறந்த மண் இது என்பார்கள். பெருமை உண்மையானது. ஸ்டீலே கத்தியைத் தீர்மானிக்கிறது என்று அதிலிருந்து பிறக்கும் முடிவுதான் தப்பு.

திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தது 1799 மே 4. அடுத்த ஆண்டே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாடு முழுக்கச் சுற்றினார். எந்த ஊரில் என்ன விளைகிறது, யார் என்ன தொழில் செய்கிறார்கள், என்ன கூலி என்று ஒன்று விடாமல் எழுதினார். 1807-இல் மூன்று தொகுதிகளாக வந்த அந்தப் பயண நூலில் உருக்குக் காய்ச்சும் பட்டறைகளும் இடம்பெற்றிருக்கின்றன. களிமண்ணால் செய்த சிறு மூசை. அதற்குள் தேனிரும்புத் துண்டு ஒன்று. கூடவே மூன்று ரூபாய் எடைக்கு ஆவாரங்குச்சி, ஒரு கொடியின் பச்சை இலை இரண்டு. வாயைக் களிமண்ணால் மூடி, பல மூசைகளை உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். சேலம் பக்கத்தில் இதையே பார்த்த ஜே. எம். ஹீத், ஆவாரங்குச்சியோடு எருக்கிலையும் போட்டதாக எழுதியிருக்கிறார். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர் அவர்.

ஆவாரமும் எருக்கும் மந்திரமல்ல. மூடிய மூசைக்குள் வெந்த செடி கரியாகிறது. அந்தக் கரி இரும்புக்குள் நுழைகிறது. தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டைத் தோல் துருத்தியால் எட்டுவது கடினம். கரி நுழைய நுழைய இரும்பின் உருகுநிலை இறங்குகிறது. ஒன்றரை சதவீதம் கரி சேர்ந்தால் நூறு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். உலையின் சூடு ஏறிக்கொண்டே வர, இரும்பின் உருகுநிலை இறங்கிக்கொண்டே வர, இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரும்பு நீராக ஓடுகிறது. கசடு பிரிந்து மேலே மிதக்கிறது. அந்தச் சூட்டில் களிமண் மூசையே உருகிவிடாமல் தாங்கியது எப்படி? மண்ணோடு பிசைந்த நெல் உமி. உமி எரிந்தபின் அதன் சிலிக்கா மூசையின் சுவருக்குள் எலும்புக்கூடு போல நின்றுவிடுகிறது. கர்நாடகத்தில் சித்திரதுர்க்கா மாவட்டத்தின் கட்டிஹொசஹள்ளி, தமிழகத்தில் சாரதா சீனிவாசன் கண்டறிந்த மேல்சிறுவலூர் போன்ற இடங்களில் அந்த மூசைகளின் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வும் இரும்பு, உருக்குத் தொழிலின் தடயங்களை மிகப் பழைய காலத்துக்குக் கொண்டுபோகிறது.

இந்த உருக்கு எல்லாம் வாளாகத்தான் போனது என்று நினைக்க வேண்டாம். கல் கொத்தும் உளிக்கும் போனது. இன்று மரப்பொம்மைக்குப் பெயர் பெற்ற சென்னபட்டணம் அன்று உருக்குக் கம்பிக்குப் பெயர் பெற்றிருந்தது. இசைக்கருவிகளுக்கு அங்கே இழுத்த கம்பி தொலைதூர ஊர்களுக்கெல்லாம் போனதாகப் புக்கானன் சொல்கிறார். எங்கோ ஒரு வீணையில் மைசூர் உருக்கு பாடியிருக்கும். வாள் கதையைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. வாள் கதைக்கு விலை அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: திப்புவின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது.

இங்கிலாந்து விஞ்ஞானிகள் இந்த உருக்கின் மேல் பைத்தியமாகவே இருந்தார்கள். 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய கட்டிகளை ஆராய்ந்து, அடுத்த ஆண்டு ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். 1819-இல் மைக்கேல் பாரடே கையில் எடுத்தார். பின்னாளில் மின்சாரத்தால் புகழ் பெற்ற பாரடே ஒரு கொல்லரின் மகன். உலையின் வாசம் தெரிந்தவர். இந்த உருக்கின் இரகசியம் அதிலிருக்கும் அலுமினியம் என்று அவர் முடிவு கட்டினார். அந்த முடிவு தவறானது. ஆனாலும் வீண் போகவில்லை: ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கடைக்காரரோடு சேர்ந்து பிளாட்டினம், வெள்ளி என்று எதையெதையோ உருக்கோடு கலந்து பார்த்தார். கலப்பு உருக்கு ஆராய்ச்சியின் ஆரம்பப் பாடங்களில் அது ஒன்று.

இந்த உருக்கில் செய்த வாளின் மேல் தண்ணீர் அலைபோல ஒரு கோலம் ஓடும். அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஓரளவு தெளிவான பதில் 1998-இல்தான் வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும், புளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடிக்கும் கொல்லர் ஆல் பெண்ட்ரேயும் கைகோத்தார்கள். பேராசிரியரும் லாடக்காரரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரைகள் உலகில் அதிகம் இருக்காது. அவர்கள் கண்டது இது. உருக்கில் கரி ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது அதில் ஒரு பங்கு சிமென்டைட் என்ற மிகக் கடினமான இரும்புக் கார்பைடாகப் பிரிகிறது. தாதுவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வனேடியம் போன்ற தனிமங்கள், சதவீதத்தில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே இருந்தாலும், அந்தக் கார்பைடுகளை வரிவரியாகச் சேர வைக்கின்றன. அதிகம் சூடேற்றாமல், பொறுமையாக, பல முறை காய்ச்சி அடித்தால் வரிகள் துலங்கும். குறிப்பிட்ட தாது தீர்ந்துபோயிருந்தால், கொல்லர் தன் பாட்டன் செய்ததை அப்படியே செய்தாலும் கோலம் வராது. இந்தக் கலை பின்னாளில் மறைந்ததற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் இது ஒன்று. 2006-இல் டிரெஸ்டன் நகரின் ஆய்வாளர்கள் பழைய வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக அறிவித்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின, எல்லா உலோகவியலாளரும் ஏற்கவில்லை.

இனி என் சண்டைக்கு வருகிறேன். இதே வெர்ஹோவனும் பெண்ட்ரேயும் 2008-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மூசை உருக்குக் கத்தியையும் இன்றைய உருக்குக் கத்திகளையும் எந்திரத்தில் பூட்டி, மணல் கலந்த அட்டையைத் திரும்பத் திரும்ப வெட்டவிட்டு, கூர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார்கள். எல்லாக் கத்திகளையும் குறைந்த கடினத்தில் வைத்தபோது மூசை உருக்கு சற்றே முந்தியது. நன்றாகக் கடினப்படுத்தியபோது பால் பேரிங் செய்யும் சாதாரண உருக்கே அதை முந்திவிட்டது. பழைய வாள்களில் பல முழுக் கடினம் ஏற்றாதவை. அந்த நிலையில் கார்பைடு வரிகள்தான் வெட்டும் வேலையைத் தாங்கின. அந்தக் காலத்துக்கு அது அதிசயம். இன்று சுள்ளி பிளக்க மூசை உருக்குக் கத்தி கேட்பது பட்டுப் புடவை கட்டிக்கொண்டு களை எடுக்கப் போவது.

இதில் ஒரு குழப்பத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இப்போது கடைகளில் 'டமாஸ்கஸ்' என்று அலையலையாக மின்னுபவை இந்த மூசை உருக்கல்ல. இரண்டு வகை உருக்குத் தகடுகளை அடுக்கி, காய்ச்சி, ஒட்டவைத்து, மடித்து மடித்து அடித்தது. பிறகு அமிலத்தில் தோய்த்தால், நிக்கல் கலந்த தகடு வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் தெரியும். அழகுதான், திறமை வேண்டிய வேலைதான். வெட்டுவதற்கு அந்தக் கோலம் செய்வது ஒன்றுமில்லை.

சரி, எந்த உருக்கு? குடகிலும் ஹுணசூரிலும், நம் திருப்பாச்சேத்தியிலும், கொல்லுப்பட்டறையில் கத்தியும் அரிவாளுமாக மாறுவது பெரும்பாலும் லாரிப் பட்டை. லாரியின் பாரத்தைத் தாங்கி, குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் வளைந்து நிமிரும் அந்த ஸ்பிரிங் பட்டையில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரி இருக்கும். அதோடு சிலிக்கானோ குரோமியமோ மாங்கனீசோ கலந்திருக்கும். இந்தக் கலப்பினால் அதைத் தண்ணீரில் முக்க வேண்டியதில்லை, எண்ணெயிலேயே கடினமாகிவிடும். லட்சக்கணக்கான முறை வளைந்தாலும் ஒடியாதபடி கணக்குப் போட்டுச் செய்த உலோகம் அது. காட்டுக் கத்திக்கு வேண்டிய குணமும் அதுதான். பழைய பட்டையில் ஓர் ஆபத்து மட்டும் உண்டு: வருடக்கணக்கில் வளைந்ததில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கலாம். அதனால் கவனமான கத்திக்காரர்கள் புதுப் பட்டையாகவே வாங்குகிறார்கள்.

ஆனால் லாரிப் பட்டையை வெட்டி, சாணையில் தேய்த்து, பிடி போட்டால் கத்தி ஆகிவிடாது. கத்தியின் குணம் தீர்மானமாவது அரை மணி நேரத் தீயிலும் சில விநாடி எண்ணெயிலும். விலைச்சீட்டில் இதற்கு இடமில்லாததால் ரசிகர்கள் அதிகம் பேசாத பகுதி இது.

இரும்பின் அணுக்கள் அறை வெப்பத்தில் ஒருவிதமாக அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கில் கரிக்கு இடமே கிடையாது என்று சொல்லலாம். அதிகபட்சம் சதவீதத்தில் நூறில் இரண்டு பங்கு நுழையும். 727 டிகிரியைத் தாண்டியதும் அடுக்கு மாறத் தொடங்குகிறது. ஆஸ்டெனைட் என்ற இந்தப் புது அடுக்கில் இடம் தாராளம். நல்ல சூட்டில் இரண்டு சதவீதம் வரை கரி கரையும். மெதுவாக ஆறவிட்டால் கரி வந்த வழியே வெளியேறி, உருக்கு பழையபடி மென்மையாகிவிடும். ஆறவிடாமல் எண்ணெயில் முக்கினால் கரிக்கு வெளியேற அவகாசமில்லை. அது உள்ளே மாட்டிக்கொண்டு அணு அடுக்கையே கோணலாக இழுக்கிறது. அப்படி இறுகிப்போன அடுக்குதான் மார்ட்டென்சைட். ஜெர்மன் உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயர். உருக்கின் கடினம் முழுக்க இந்த இறுக்கத்தில் இருக்கிறது.

எப்போது முக்குவது? பட்டறையில் வெப்பமானி கிடையாது. கொல்லர் நிறத்தைப் பார்க்கிறார். சில பட்டறைகளில் நூலில் கட்டிய காந்தமும் தொங்கும். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சூடு போதும் என்று அர்த்தம். அந்தக் கொஞ்சத்தில்தான் கை தப்பும். அதிகம் காய்ந்தால் உருக்கின் மணிகள் பெருத்துவிடும். கத்தி கடினமாகவே இருக்கும், ஆனால் தரையில் விழுந்தால் ஒடியும். ஒடிந்த இடத்தைப் பார்த்தால் பெரிய மணிகள் மின்னும். நல்ல கத்தியின் முறிவில் சாம்பல் நிறம் மட்டுமே, மினுக்கே இருக்காது. அதனால் முக்குவதற்கு முன் இரண்டு மூன்று முறை காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு மணிகளைச் சிறிதாக்குபவர்கள் உண்டு. பொழுதுபோகாமல் செய்வது போலத் தெரியும், ஆனால் பாதி வேலை அங்கே முடிகிறது.

எண்ணெயிலிருந்து எடுத்த கத்தி சில நேரம் வளைந்து வரும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. மார்ட்டென்சைட் உருவாகத் தொடங்குவது சுமார் 250 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான். அதுவரை உருக்கு இன்னும் மிருதுவாகவே இருக்கிறது. எண்ணெயிலிருந்து எடுத்தவுடன், கையுறையோடு, சில விநாடிகளுக்குள் நிமிர்த்தினால் நிமிரும். நேரம் தப்பினால் 'டிங்' என்று ஒரு சத்தம், கத்தி இரண்டு துண்டு. தண்ணீரில் முக்கினால் இந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும். ஆறும் வேகம் அதிகம், உள்ளிறுக்கமும் அதிகம். நேபாளத்துக் குக்ரிக் கொல்லர்கள் அலகு முழுதையும் முக்காமல், கெண்டியால் வெட்டும் விளிம்பில் மட்டும் தண்ணீர் ஊற்றுவார்கள். விளிம்பு கடினமாகும், முதுகு மிருதுவாக நின்று அடியைத் தாங்கும்.

முக்கியதோடு விட்டால் கத்தி கண்ணாடிச் சில்லுதான். பதம் போட வேண்டும். மறுபடி 200 டிகிரியை ஒட்டிச் சூடேற்றி இரண்டு மணி நேரம் வைத்தால் மாட்டிக்கொண்ட கரியில் கொஞ்சம் நகர்ந்து இறுக்கம் தளரும். கடினம் சற்றுக் குறையும், உரம் வெகுவாகக் கூடும். வீட்டு அவனில்கூட இதைச் செய்கிறார்கள். அவன் இல்லாத பட்டறையில் நிறம்தான் கணக்கு. தேய்த்துப் பளபளப்பாக்கிய அலகு சூடேறும்போது வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஓடும். உருக்கின் மேல் படியும் ஆக்சைடுப் படலத்தின் தடிமன் வளர வளர, ஒளி அலைகள் ஒன்றையொன்று அழித்தும் கூட்டியும் இந்த நிறங்களைக் காட்டுகின்றன. சோப்புக் குமிழியிலும் ரோட்டில் சிந்திய டீசலிலும் தெரியும் நிறங்களுக்கும் இதுவே காரணம். வைக்கோல் மஞ்சளில் நிறுத்தினால் கத்தி. நீலம் வரை விட்டால் ஸ்பிரிங்.

அமெரிக்கக் கத்திக் கொல்லர் பில் மோரன் 1976-இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் இதைத் தேர்வாகவே வைத்திருக்கிறது. தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றைக் கத்தி ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு மரச் சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதே விளிம்பு அதன் பிறகும் கை ரோமத்தை மழிக்க வேண்டும். கடைசியாக அதே கத்தியைக் குறட்டில் பூட்டி 90 டிகிரிக்கு வளைப்பார்கள், ஒடியக் கூடாது. எந்த ஸ்டீல் என்று அங்கே மதிப்பெண் இல்லை. அந்த ஒரே துண்டு ஒரே நாளில் கடினமாகவும் இருக்க வேண்டும், வளையவும் வேண்டும் என்றால் அது தீயில் நடந்த வேலைக்கான தேர்வுதான்.

கூர் என்பதும் நாம் நினைப்பது போல நிலையானதல்ல. சவரக் கத்தி ரோமத்தைவிடப் பல மடங்கு கடினம், இருந்தும் மழுங்குகிறது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2020-இல் 'சயின்ஸ்' இதழில் காரணம் காட்டினார்கள். ரோமம் வளைந்து சாய்வாகப் படும்போது, விளிம்பில் கடினமும் மென்மையும் கலந்த நுண்ணிய இடங்களில் சில்லுத் தெறிக்கிறது. உருக்கின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இருந்தால் தெறிப்பது குறையும். சுற்றி வளைத்து இதுவும் தீயின் கணக்குக்கே வருகிறது.

தீ முடிந்தால் வடிவம். ரசிகர்களுக்குத் தடித்த கத்தி மேல் ஒரு மோகம். ஆறு மில்லிமீட்டர் தடிமன் என்றால் கண் விரியும். ஓர் அலகின் தடிமனை இரட்டிப்பாக்கினால் அது வளைய மறுக்கும் பலம் எட்டு மடங்காகிறது. அதுவரை லாபம். ஆனால் வெட்டு கொஞ்சம் ஆழமானதும் அந்தத் தடிமனே ஆப்பாகி மரத்தை விலக்கத் தொடங்கும்; வெங்காயம் நறுக்கினால் பிளக்கும். சுள்ளி சீவவும் காய் நறுக்கவும் மூன்று, மூன்றரை மில்லிமீட்டரே தாராளம் என்பது என் கட்சி. கோடரி வேலைக்குக் கோடரி இருக்கிறது.

வெட்டுவதற்கென்றே பிறந்த வடிவத்தைப் பார்க்க மைசூரிலிருந்து மேற்கே குடகுக்குப் போக வேண்டும். கொடவ ஆணின் சடங்கு உடையில் இரண்டு கத்திகள் உண்டு. முன்னால் இடைக்கச்சையில் செருகிய பீச்சே கத்தி வெள்ளி வேலைப்பாட்டோடு நகை போல இருக்கும். முதுகுப் பக்கம், தொடங்கு என்ற பித்தளைக் கொக்கியில் உறையில்லாமல் தொங்குவது ஒடிகத்தி. அகன்று, முன்பக்கம் கனத்து, உள்வளைவில் கூர் வைத்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போல்து திருநாளில் துப்பாக்கியோடு இதற்கும் பூசை. திருமணத்தில் நட்ட வாழைத்தண்டுகளை ஒரே வீச்சில் வெட்டிச் சாய்ப்பதும் இதுதான்.

வாழைத்தண்டு எளிய இலக்கு போலத் தோன்றும். வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மட்டை மேல் மட்டையாகத் தண்ணீரும் நாரும், மழுங்கிய கத்தி பாதியில் சிக்கி நிற்கும். ஒடிகத்தி சிக்காததற்கு மூன்று காரணங்கள். கனம் முன்பக்கம் இருப்பதால், வீசும்போது கனமான பகுதியே அதிக வேகத்தில் போகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடியாகக் கூடும். அடுத்தது, அடி விழும் இடம். ஒரே சீரான தண்டை ஒரு முனையில் பிடித்து வீசினால், மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் ஓரிடம் உண்டு. அங்கே பட்டால் கைக்கு அதிர்வு வராது. முன்பக்கம் கனத்தால் அந்த இடம் இன்னும் முன்னே நகர்ந்து, வெட்டும் இடத்துக்கே வந்துவிடுகிறது. மூன்றாவது, உள்வளைவு. தண்டு விளிம்பிலிருந்து நழுவாது. கத்தி இறங்கும்போதே இழுத்தும் அறுக்கிறது. நேராக அழுத்துவதைவிட இழுத்து அறுப்பதற்கு ஏன் விசை குறைவு என்பதை 2012-இல் ஹார்வர்டு பேராசிரியர் எல். மகாதேவன் குழு மெல்லிய கம்பியால் ஜெல்லியை வெட்டிக் காட்டியது. சென்னை ஐஐடியில் படித்தவர் அவர். தக்காளி நறுக்கும் எல்லோருக்கும் தெரிந்ததற்குக் கணக்கு கிடைத்தது.

பிடியைப் பற்றி மைசூரில் பேசாமல் முடியாது. ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை செய்யும் ஊர். புவிசார் குறியீடு பெற்ற கலை அது. கனமும் எண்ணெய்ப் பசையும் உள்ள ஈட்டி ஈரத்துக்கு அதிகம் உப்பாது என்பதால் கத்திப் பிடிக்கும் பொருத்தம். ஆனால் வெட்டவும் ஏற்றுமதி செய்யவும் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு காலத்தில் ஷெஃபீல்டும் சோலிங்கனும் கத்திப் பிடிக்கு இந்தியக் கடமான் கொம்பைக் கப்பல் கப்பலாக வாங்கின. 1990-களின் இறுதியில் ஏற்றுமதி நின்றது. இன்று வெளிநாட்டு ரசிகர்கள் பழைய கையிருப்பைத் தங்கம் போலத் தேடுகிறார்கள். இங்கே யாராவது கொம்புப் பிடிக் கத்தியை நீட்டினால் கையை எடுத்துக்கொள்வது நல்லது, வழக்கு வரும்.

மரத்தைவிட முக்கியம் அதற்குள் போகும் இரும்பு வால். பிடியின் அடிவரை முழு அகலத்தில் போனால் கவலையில்லை. ஒடுங்கிப் போகும் வால் என்றால் அலகும் வாலும் சேரும் முக்கில் பார்க்க வேண்டும். அந்த மூலை சதுரமாக வெட்டியிருந்தால் விசையெல்லாம் அங்கே குவிந்து, ஒரு நாள் அந்த இடத்திலேயே ஒடியும். வளைத்து உருட்டியிருந்தால் விசை பரவிப்போகும். பிடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் முட்டை வடிவாக இருக்க வேண்டும். இருட்டிலும் கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். வாங்கும்போது செய்தவரிடம் ஸ்டீலின் பெயரைக் கேட்ட மூச்சிலேயே, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் பதம் போட்டீர்கள் என்றும் கேட்கலாம். பதிலில் நிறைய விளங்கும். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு பித்தளைக் கம்பியை எடுத்துக்கொண்டு, விளிம்பை அதன் மேல் சாய்த்து அழுத்திப் பாருங்கள். விளிம்பு மெல்ல வளைந்து, அழுத்தத்தை எடுத்ததும் நிமிர்ந்தால் சரியான பதம். வளைந்தபடி நின்றால் மிருது. சில்லு உதிர்ந்தால் பதம் போதவில்லை.

குடகின் மழைக்காலத்தில் லாரிப் பட்டைக் கத்தி ஒரே இரவில் துரு பிடிக்கும். எலுமிச்சையும் மாங்காயும் நறுக்க நறுக்க அலகில் படியும் சாம்பல் நீலக் கறையைத் தேய்த்து எடுக்காமல் விட்டால், செந்துருவை அது ஓரளவு தடுக்கும். தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் வைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கிறது. பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருந்தால் கேட்கவே வேண்டாம். உறை ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம் இருக்கட்டும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் நாளாக நாளாகப் பிசின் ஆகிவிடும். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் இரண்டு சொட்டு, ஒரு பழைய துணி, அவ்வளவுதான்.